பப்ளிக் ஐபி கேட்டால் தனிக் காசா? சிஜிநாட், ஐபிவி6 பற்றி ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 8

பழைய காப்பர் லைனை எடுத்துவிட்டு லோக்கல் ஆபரேட்டரிடம் பைபர் வாங்கினேன். வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் கடையில் உள்ள டிவிஆரை (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை. பழைய லைனில் போர்ட் பார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பை டிவிஆருக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் அமைப்பு) போட்டு வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் ரவுட்டரில் எல்லாம் அதேபோலத்தான் போட்டிருக்கிறேன். கேட்டால் "பப்ளிக் ஐபி வேண்டும் சார், அதற்கு வருடத்துக்குத் தனிக் கட்டணம்" என்கிறார்கள். ஐபி முகவரி இல்லாமலா இண்டர்நெட் வருகிறது? கொடுக்க வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்கே காசு கேட்பது கொள்ளை இல்லையா?

பதில், பிப்ரவரி 8, இரவு

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து, இண்டர்நெட் இணைப்புக்கு என்ன முகவரி வந்திருக்கிறது என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் ஆரம்பித்தால் கதை முடிந்தது. நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது, உங்களுக்கென்று தனியாக ஒரு பொது முகவரி (பப்ளிக் ஐபி) இல்லை, ஆபரேட்டர் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரை என்றோ ஆரம்பித்தாலும் அதேதான். "என் ஐபி என்ன" என்று சொல்லும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் அங்கே வேறொரு எண் தெரியும். அந்த எண் உங்களுடையது இல்லை. ஆபரேட்டரிடம் இருக்கும் பெட்டியுடையது. உங்கள் தெருவில் இன்னும் பல வீடுகள் அதே எண்ணில்தான் வெளியே போகின்றன.

போர்ட் பார்வர்டு ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதுதான் பதில். உங்கள் ரவுட்டர் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஆபரேட்டரின் பெட்டி நிற்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட் (தரவுத் துண்டு) யாருக்கானது என்று அதற்குத் தெரியாது, கீழே போட்டுவிடும்.

பிப்ரவரி 9

கொள்ளையா என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

பழைய முகவரி முறையான ஐபிவி4-ல் ஒரு முகவரி 32 பிட். மொத்தமாகவே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்தில் 800 கோடிப் பேர். அதிலும் ஒரு வீட்டுக்குள் போன், டிவி, லேப்டாப், கேமரா. உலக அளவில் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் ஐயானா, கடைசி ஐந்து பெரிய தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்துவிட்டது. நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக்தான் முதலில் தீர்ந்தது. அதே வருடம் ஏப்ரல் 15-ல் கடைசித் தொகுதிக்கு வந்து ரேஷன் போட ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரி. 2019-ல் அதையும் 512 ஆக்கிவிட்டார்கள்.

இந்தியாவின் பங்கு மொத்தம் சுமார் 4 கோடி முகவரிகள். பிராட்பேண்ட் இணைப்புகள், மொபைலையும் சேர்த்தால், 90 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு முகவரிக்கு இருபதுக்கு மேற்பட்ட இணைப்புகள் வருகின்றன. அந்த 4 கோடியிலும் டேட்டா சென்டர்கள், பெரிய கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள் எடுத்து வைத்திருப்பதைக் கழித்தால் வீட்டுக்காரர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்.

ஆக, உங்கள் ஆபரேட்டர் எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை. அவரிடம் இல்லை.

பிப்ரவரி 9, மாலை

"இல்லை என்றால் காசு கொடுத்தவுடன் எங்கிருந்து வருகிறது?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. எல்லாருக்கும் கொடுக்க இல்லை, கேட்கிற சிலருக்குக் கொடுக்க இருக்கிறது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 12

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நான் முன்பு ஒரு சின்ன ஆபரேட்டரிடம் இரவு ஷிப்ட் பார்த்தவன். இப்போது திருப்பூர், அவிநாசி பக்கம் பனியன் கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தாயிற்று.

புதிதாக லைசென்ஸ் எடுத்து ஆரம்பிக்கும் ஆபரேட்டர் நம் நாட்டுப் பதிவகமான இரின்னில் உறுப்பினராகச் சேர்ந்தால் கிடைப்பது அதிகபட்சம் அந்த 512 எண்கள். அதிலும் சர்வர், ரவுட்டர், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் சேவை) என்று தன் தேவைக்குக் கொஞ்சம் போகும். வாடிக்கையாளர் ஐயாயிரம் பேர் என்றால் ஆளுக்கு ஒன்று கொடுப்பது நடக்காத காரியம். வெளிச் சந்தையில் வாங்கலாம். 2011-ல் நார்டெல் திவாலானபோது மைக்ரோசாப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்று சுமார் 11 டாலர். 2021 வாக்கில் அதே ஒரு முகவரி 50 டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும், மாதம் நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு லைன் கொடுக்கும் ஆளுக்கு அது கனமான தொகைதான். மாத வாடகைக்கும் கிடைக்கிறது. ஆனால் வாடகைக்கு வரும் எண்கள் முன்பு யார் கையில் இருந்தன, ஸ்பேம் அனுப்பிப் பெயர் கெட்டவையா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் உண்டு, திறக்கும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு போர்ட் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு, மீதியை ஆளுக்கு 1,024 என்று வெட்டினால் ஒரு முகவரியில் 63 வீடுகளை உட்கார வைக்கலாம். ஆளுக்கு 2,048 கொடுத்தால் 31 வீடு. இந்த வெட்டு எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதில்தான் நல்ல ஆபரேட்டரும் மோசமான ஆபரேட்டரும் பிரிகிறார்கள். வீட்டில் நாலு பேர் போன் வைத்திருந்து, ஒருவர் டோரண்ட் ஓட்டினால் 1,024 போர்ட் நிறைந்துவிடும். அப்புறம் புது இணைப்பு எதுவும் திறக்காது. யூடியூப் ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக ஒரு பக்கம் திறந்தால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் "ஸ்பீடு இல்லை" என்று போன் செய்வார். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் முழு வேகம் காட்டும். கஸ்டமர் கேரில் உள்ள பெண்ணுக்கும் காரணம் தெரியாது. ரவுட்டரை ஆப் செய்து ஆன் செய்யச் சொல்வார். அதில் பழைய இணைப்புகள் அறுந்து போர்ட் காலியாகிவிடும், அதனால் சரியானதுபோல இருக்கும். மறுநாள் திரும்பவும் போன் வரும்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முகவரிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பே வைக்கவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரி 13

"அமெரிக்காக்காரன் எல்லாவற்றையும் பதுக்கி வைத்திருக்கிறான், அதைப் பிடுங்கிக் கொடுத்தால் போதும்" என்று எழுதியவருக்கு: பாதி உண்மை. ஆப்பிள் நிறுவனத்திடம் 17 என்று ஆரம்பிக்கும் முழுத் தொகுதியும் இருக்கிறது, 1 கோடியே 67 லட்சம் எண்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் அதுபோலப் பல தொகுதிகள். அவர்கள் அதைப் பிடுங்கி வாங்கவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார்கள், கேட்க நம் ஊரில் அப்போது ஆள் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் வாங்கிச் சமமாகப் பிரித்தாலும் 429 கோடிக்கு மேல் ஒரு எண் கூட வராது. 800 கோடிப் பேருக்கு எப்படிப் போதும்?

240 முதல் 255 வரை உள்ள பதினாறு பெரிய தொகுதிகள் சும்மாதானே கிடக்கின்றன என்பதும் பழைய யோசனைதான். 26 கோடிக்கு மேல் எண்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் உலகமெங்கும் இருக்கும் பழைய ரவுட்டர்களும் விண்டோஸ் கணினிகளும் அந்த எண்ணைக் கண்டால் தூக்கிப் போட்டுவிடும். அவற்றையெல்லாம் மாற்றும் வேலைக்கு, ஐபிவி6 என்ற புதிய, மிகப் பெரிய முகவரி முறைக்கே போய்விடலாம். 2010-ல் உலகம் மாதத்துக்கு ஒரு பெரிய தொகுதிக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த வேகத்துக்கு இந்தப் பதினாறு தொகுதியும் ஒன்றரை வருடம் கூடத் தாங்கியிருக்காது.

பிப்ரவரி 17

டிவிஆர் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சிஜிநாட்டில் வேறென்ன உடைகிறது என்று கேட்டவர்களுக்கு, நான் பார்த்தவை:

கேம் ஆடும் பையன்கள் முதலில் கண்டுபிடிப்பார்கள். பிளேஸ்டேஷனில் "நாட் டைப் 3" என்று வரும். நண்பனோடு சேர்ந்து ஆட முடியாது, குரல் போகாது. என் அக்கா மகன் இதற்காகவே வீட்டில் லைனை மாற்றச் சொல்லி அடம் பிடித்தான். யுபிஎன்பி (ரவுட்டரில் தானாகப் போர்ட் திறக்கும் வசதி) ஆன் செய்து பார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உங்கள் வீட்டு ரவுட்டரோடு நின்றுவிடும், ஆபரேட்டரின் பெட்டியிடம் பேசாது. அந்தப் பெட்டியிடமே போர்ட் கேட்டு வாங்க பிசிபி என்று ஒரு முறை 2013-லேயே எழுதி வைத்தாயிற்று. அதை வாடிக்கையாளருக்குத் திறந்து விட்ட ஆபரேட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது, பேசாமல் இருக்கும் இணைப்பு அறுந்துபோவது. சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் இணைப்பு) போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது செத்திருக்கும். டிசிபி (இணையத்தின் வழக்கமான இணைப்பு முறை) இணைப்பு சும்மா இருந்தாலும் ஆபரேட்டரின் பெட்டி அதைக் குறைந்தது இரண்டு மணி நேரம் நாலு நிமிடம் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது விதிமுறை. நினைவகத்தை மிச்சம் பிடிக்க அதை நிமிடங்களாகக் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணினியில் கீப்அலைவ் (இணைப்பு அறுந்துபோகாமல் அவ்வப்போது சின்ன பாக்கெட் அனுப்புவது) போடுங்கள். வயர்கார்டு (இரண்டு இடங்களை இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்) என்றால் 25 வினாடிக்கு ஒருமுறை.

மூன்றாவது, யாரோ செய்ததற்கு நீங்கள் தண்டனை வாங்குவது. ஒரே முகவரியில் இருக்கும் ஏதோ ஒரு வீட்டில் வைரஸ் பிடித்த கணினி இருந்தால், எல்லா வீட்டுக்கும் கேப்ட்சா வரும். கூகுளில் எதைத் தேடினாலும் போக்குவரத்து விளக்கைக் காட்டு, மிதிவண்டியைக் காட்டு என்று கேட்கும். இதில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2006 டிசம்பர் கடைசியில், புத்தாண்டை ஒட்டி, விக்கிபீடியாவில் தொல்லை கொடுத்த ஒரு முகவரியைத் தடுத்தார்கள். பிறகு பார்த்தால் கத்தார் நாட்டு இணையப் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு ஆளைத் தடுக்கப் போய் ஒரு நாட்டையே தடுத்த மாதிரி ஆகிவிட்டது. உடனே எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 18

"வாட்ஸ்அப் கால் மட்டும் எப்படி வேலை செய்கிறது?" என்று ஒரு கேள்வி. நேராக இணைய முடிந்தால் இணையும். முடியாவிட்டால் நடுவில் ஒரு சர்வர் வழியாகப் போகும். அந்த நடு சர்வருக்கு நிறுவனம் காசு செலவழிக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு அது முடியும். கல்லூரி மாணவன் ஒருவன் தன் வீட்டிலிருந்து சொந்தமாக எதையாவது ஓட்டிப் பார்க்க நினைத்தால் அவனுக்கு முடியாது. எனக்கு இதில்தான் அதிகமான வருத்தம். நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதே வீட்டு மூலையில் பழைய கணினியில் ஒரு வெப் சர்வர் ஓட்டி, நண்பர்களை அவர்கள் வீட்டிலிருந்து திறந்து பார்க்கச் சொல்லித்தான். இன்றைக்கு ஆரம்பிக்கும் பையன் அதைச் செய்ய வெளியில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 21

போலீஸ் விஷயத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது, கவனமாக எழுதுகிறேன்.

ஆபரேட்டருக்கு விசாரணைக் கடிதம் வரும். இன்ன முகவரி, இன்ன தேதி, இன்ன நேரம், யார் பயன்படுத்தியது என்று. பப்ளிக் ஐபி காலத்தில் ஒரே பெயர் வரும். சிஜிநாட்டில் அந்த நேரத்துக்கு அந்த முகவரியில் அறுபது வீடு இருக்கும். எந்த வீடு என்று சொல்ல சோர்ஸ் போர்ட் எண், அதாவது அந்த இணைப்பு வெளியே போகப் பயன்படுத்திய போர்ட், வேண்டும். அந்த எண்ணைக் குற்றம் நடந்த தளம் பதிந்து வைத்திருக்க வேண்டும். வெப் சர்வர்கள் போர்ட்டையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று 2011-லேயே பரிந்துரை வந்துவிட்டது. இன்றைக்கும் பெரும்பாலான சர்வர்களின் லாகில் (பதிவேட்டில்) முகவரி மட்டும்தான் இருக்கிறது. நேரமும் துல்லியமாக இருக்க வேண்டும். கடிகாரம் ஒரு நிமிடம் தள்ளிப் போனால் அந்த போர்ட் வேறொரு வீட்டுக்குப் போயிருக்கும்.

2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் விதியைத் திருத்தி, இந்தப் பதிவுகளை இரண்டு வருடம் வைத்திருக்கச் சொன்னது. 2022 ஏப்ரல் 28-ல் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தன் பங்குக்கு லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும், எல்லாக் கடிகாரங்களையும் அரசு நேர சர்வரோடு ஒத்து வைக்கவும் உத்தரவு போட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளில் திறக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி என்றால் ஹார்ட் டிஸ்க் வாங்கி மாளாது. அதனால்தான் ஆளுக்கு நிலையான போர்ட் கட்டு ஒதுக்கும் முறை நல்லது. யாருக்கு எந்தக் கட்டு என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர் எந்தத் தளத்துக்குப் போனார் என்று தோண்ட வேண்டியதே இல்லை. வாடிக்கையாளரின் அந்தரங்கத்துக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் 2017-ல் சிஜிநாட்டை விசாரணைக்குப் பெரிய தடை என்று வெளிப்படையாகவே சொன்னது. பெல்ஜியத்தில் அதற்கு முன்பே ஆபரேட்டர்கள் அரசோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு முகவரிக்கு 16 வீட்டுக்கு மேல் கிடையாது. அந்த வரம்பு போட்டவுடன் முகவரியை மிச்சம் பிடிக்க வழியில்லாமல் எல்லாரும் ஐபிவி6-க்கு ஓடினார்கள். ஐபிவி6 பயன்பாட்டில் பெல்ஜியம் பல வருடம் உலகில் முதல் வரிசையில் இருந்தது. நம் ஊரிலும் இப்படி ஒரு வரம்பு வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பதிவை இத்தனை வருடம் வை என்று சொல்வதைவிட, ஒரு முகவரியில் இத்தனை பேருக்கு மேல் ஏற்றாதே என்று சொல்வது பலன் தரும்.

பிப்ரவரி 22

"அப்படியானால் குற்றம் செய்யாத அறுபது வீட்டுக்கும் போலீஸ் வருமா" என்று பயந்து எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தவரை, ஒழுங்கான ஆபரேட்டர் போர்ட் எண் கேட்டு திருப்பி எழுதுவார், இல்லாமல் பெயர் கொடுக்க மாட்டார். பெயர்ப் பட்டியல் முழுவதையும் தூக்கிக் கொடுக்கும் ஆபரேட்டரும் இருக்கலாம். உங்கள் ஆபரேட்டரிடம் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மார்ச் 2

மொபைல் பக்கம் போகலாம், அங்கேதான் நல்ல செய்தி.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ ஆரம்பித்தபோது அவர்களுக்கும் இதே பஞ்சம்தான். ஆறு மாதத்துக்குள் 10 கோடி வாடிக்கையாளர். இந்தியா மொத்தத்துக்கும் 4 கோடி முகவரி இருக்கும்போது எங்கே போய் வாங்குவது? அவர்கள் முதல் நாளிலிருந்தே நெட்வொர்க்கை ஐபிவி6-ல் கட்டினார்கள். இப்படிக் கட்டும் நெட்வொர்க்கில் போனுக்கு ஐபிவி6 முகவரி மட்டும் இருந்தாலே போதும். பழைய ஐபிவி4 தளங்களுக்குப் போக 464 எக்ஸ்லாட் என்ற மொழிபெயர்ப்பு. போனுக்குள்ளேயே ஒரு சின்ன மென்பொருள் ஐபிவி4 பாக்கெட்டை ஐபிவி6 ஆக மாற்றி அனுப்பும், நெட்வொர்க் ஓரத்தில் இன்னொரு பெட்டி அதைத் திரும்ப மாற்றும். ஆண்ட்ராய்டு 4.3-லிருந்து இது உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஐபி முகவரி பார்க்கும்போது 192.0.0.4 என்று ஒரு விசித்திரமான எண் தெரிந்தால் அதுதான் இது. ஆப்பிளும் 2016 ஜூன் முதல், ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கில் ஓடாத செயலியைக் கடையில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

விளைவு, இன்றைக்கு இந்தியாவில் ஐபிவி6 பயன்பாடு 70 சதவீதத்துக்கும் மேல். உலக அளவில் கூகுளுக்கு வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். நாம் எத்தனையோ விஷயத்தில் பின்னால் இருக்கிறோம் என்று பேசுகிறோம். இதில் உலகத்தின் முன்வரிசையில் இருக்கிறோம், இதைப் பெருமையாகவே சொல்லலாம். ஆனால் அந்தப் பெருமை முக்கியமாக மொபைலால் வந்தது. ஊர்களில் கம்பி இழுக்கும் பல சின்ன ஆபரேட்டர்கள் இன்னும் ஐபிவி6-ஐத் தொடவே இல்லை. ஒரே வீட்டில் போன் டேட்டாவில் ஐபிவி6 வருகிறது, வைபைக்கு மாறினால் காணாமல் போகிறது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சிஜிநாட் வைப்பதைக் குறை சொல்ல மாட்டேன், வேறு வழியில்லை. ஆனால் ஐபிவி6 முகவரிக்குப் பஞ்சம் கிடையாது. சின்ன ஆபரேட்டருக்குப் பதிவகம் கொடுக்கும் குறைந்தபட்சத் தொகுதியை வைத்தே, வீட்டுக்கு 256 உள் நெட்வொர்க் என்று தாராளமாகப் பிரித்தாலும், 1 கோடியே 67 லட்சம் வீட்டுக்குக் கொடுக்கலாம். ஐபிவி6 கொடுத்தால் யூடியூப், கூகுள், பேஸ்புக், நெட்பிளிக்ஸ் எல்லாம் அந்த வழியாகப் போய்விடும். சிஜிநாட் பெட்டியின் சுமை பாதிக்கு மேல் குறையும், போர்ட் தீராது, லாகும் குறையும். ஆபரேட்டருக்கே லாபம். அப்படியிருந்தும் "யாரும் கேட்கவில்லையே" என்கிறார்கள்.

மார்ச் 4

"ஐபிவி6 மட்டும் வைத்து வாழலாமா?" இன்னும் முடியாது. புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் போன்ற பெரிய தளத்துக்கே இன்றைக்கு வரை ஐபிவி6 இல்லை. இரண்டும் வேண்டும்.

மார்ச் 9

சரி, பப்ளிக் ஐபிக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் என்ன செய்வது? டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியைப் போட்டுப் பாருங்கள். கடையில் ஒரு பழைய கணினியோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியோ இருந்தால் போதும், அதில் போட்டு டிவிஆர் இருக்கும் நெட்வொர்க்கை அதன் வழியாகத் திறந்து விடலாம். உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். உள்ளிருந்து வெளியே போய் இணைவதால் சிஜிநாட் தடுக்காது. சொந்தமாகவே செய்ய விரும்பினால் ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து அதில் வயர்கார்டு ஓட்டுங்கள். இதிலும் பஞ்சத்தின் கை தெரியும். அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறார்கள். மாதம் முந்நூறு ரூபாய் முகவரிக்கு மட்டும். உங்கள் ஆபரேட்டர் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஆபரேட்டர் கேட்பதே மலிவு. அதனால்தான் கொள்ளை என்ற சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். நேரில் சொல்லாமல் மறைத்து விற்பதைத்தான் தவறு என்பேன். விளம்பரத்தில் வேகம் மட்டும் போடுகிறார்கள். பகிரப்பட்ட முகவரி என்று ஒரு வரி போடட்டும்.

மார்ச் 10

மேலே உள்ள குறிப்பைப் படித்துவிட்டு ஒரு தம்பி "டெயில்ஸ்கேல் போட்டபின் என் போனிலும் 100 என்று ஆரம்பிக்கும் முகவரி வருகிறது, ஜியோவும் சிஜிநாட்டா" என்று கேட்கிறார். அந்த எண் டெயில்ஸ்கேல் கொடுத்தது. அவர்களும் அதே 100.64 முதல் 100.127 வரையிலான இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 2012-ல் ஆபரேட்டர்களுக்கென்று ஒதுக்கிய இடம், சுமார் 42 லட்சம் எண்கள். ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பார்க்கச் சொன்னது இதனால்தான். போனில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

மார்ச் 16

டிவிஆர் பற்றி இன்னொரு யோசனை. போர்ட் பார்வர்டு செய்து டிவிஆரை வெட்டவெளியில் வைப்பது நல்ல பழக்கமே இல்லை. 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்கு வழி விட்டது. அந்த வருடம் அக்டோபர் 21-ல் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் போன்ற தளங்களை அமெரிக்காவில் பல மணி நேரம் முடக்கினார்கள். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்த டிவிஆர்களை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. அதற்காக சிஜிநாட் பாதுகாப்பு என்று யாரும் விற்கக் கூடாது. வெளியிலிருந்து வருவதை மறிக்கும் பயர்வால் எந்த ரவுட்டரிலும் போடலாம், அதற்கு முகவரியைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பப்ளிக் ஐபி வாங்கப் போகிறவர்கள் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், முடிந்தால் பார்வர்டு செய்யாமல் விபிஎன் வழியாகவே பாருங்கள்.

டிவிஆர் கம்பெனியின் கிளவுடு செயலியைப் பயன்படுத்தலாமே என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்யும், பெரும்பாலான கடைகளில் நானும் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். கடைக்காரருக்கு அது எளிது. ஆனால் கடையின் படம் யாருடைய சர்வர் வழியாகப் போகிறது என்பதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.

ஏப்ரல் 6

அவிநாசி பக்கம் ஒரு மில்லில் ஆபரேட்டரோடு பேசி ஐபிவி6 வாங்கினோம். வந்தது. வந்தபின் தெரிந்த இரண்டு சிக்கலையும் எழுதி வைக்கிறேன், அடுத்து முயற்சி செய்பவருக்கு உதவும்.

முதலாவது, ஆபரேட்டர் ஒரே ஒரு உள் நெட்வொர்க்குக்கு மட்டும் போதுமான முகவரித் தொகுதி கொடுத்தார். கேமராவைத் தனியாக, ஆபீஸைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. திரும்பப் பேசி, 256 நெட்வொர்க் வருகிற 56 அளவுத் தொகுதியாக மாற்றி வாங்கினோம். கேட்கும்போதே "பிரிபிக்ஸ் டெலிகேஷனில் 56 வேண்டும்" என்று சொல்லிக் கேளுங்கள். பிரிபிக்ஸ் டெலிகேஷன் என்பது ரவுட்டருக்கு ஒரு தொகுதியை மொத்தமாகக் கொடுக்கும் முறை. இரண்டாவது, லைன் அறுந்து திரும்ப வரும்போதெல்லாம் அந்தத் தொகுதி மாறியது. உள்ளே இருக்கும் பிரிண்டர் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஐபிவி4-ல் முகவரி அரிது, மாற்றி மாற்றிக் கொடுப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஐபிவி6-ல் ஒரு வீட்டுக்கு ஒரு தொகுதியை நிரந்தரமாக எழுதிவைக்க ஒரு தடையும் இல்லை. பழைய பழக்கத்தை அப்படியே இழுத்துக்கொண்டு வருகிறார்கள். மில்காரருக்குத் தொகுதியை நிரந்தரமாக்கிக் கொடுத்தார்கள், கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

மலிவான டிவிஆர்களில் ஐபிவி6 என்று மெனுவில் இருக்கும், உள்ளே ஒழுங்காக ஓடாது. மில்லிலும் டிவிஆர் இன்னும் ஐபிவி4-ல்தான் இருக்கிறது. வயர்கார்டு மட்டும் ஐபிவி6 வழியாக நேரே மில் ரவுட்டருக்கு வருகிறது, நடுவில் வாடகை சர்வர் தேவைப்படவில்லை. முதலாளி ஊட்டியிலிருந்து மொபைல் டேட்டாவில் பார்த்தார், படம் தடங்கல் இல்லாமல் வந்தது.

ஏப்ரல் 7

மொபைல் டேட்டாவில் பார்த்தார் என்று எழுதியதை யாரும் விட்டுவிட வேண்டாம். அவர் போன் ஐபிவி6-ல் இருந்ததால்தான் நேராக வந்தது. ஐபிவி6 இல்லாத ஓட்டல் வைபையிலிருந்து வராது, அப்போது டேட்டாவுக்கு மாற வேண்டும்.

ஏப்ரல் 19

எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று தனி மடலில் பலர் கேட்கிறீர்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆபரேட்டர் கொடுக்கும் ஓஎன்டி (பைபர் வந்து சேரும்) பெட்டியில் ஐபிவி6 பயர்வாலைத் திறக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பெட்டிகளில் எல்லாவற்றையும் மூடி வைத்திருப்பார்கள், ஒரு கருவிக்கு மட்டும் திறக்கும் பக்கமே இருக்காது. அப்படி என்றால் அதை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும்படி) போடச் சொல்லிவிட்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டர் ஒன்றைப் பின்னால் வையுங்கள். இதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கும் பெட்டியையும் பார்த்திருக்கிறேன், அது இன்னும் ஆபத்து. சோதிப்பது எளிது. வீட்டுக் கணினியின் ஐபிவி6 முகவரியைக் குறித்துக்கொண்டு, போனில் வைபையை அணைத்துவிட்டு, டேட்டாவிலிருந்து அந்த முகவரியில் திறந்த போர்ட் ஏதாவது பதில் சொல்கிறதா என்று பாருங்கள். நீங்கள் திறக்காத எதுவும் பதில் சொல்லக் கூடாது. சொன்னால், பெட்டியின் மாடல் பெயரோடு இங்கே எழுதுங்கள், எப்படி மூடுவது என்று பார்க்கலாம்.